தீவுக்குக் கூட்டிப் போகிறவர்களே, கடலைக் கேட்டு நாள் குறியுங்கள்

பெங்களூரில் இருந்து தமிழ்க் குடும்பங்களைக் குழுவாக அந்தமானுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

அல்சூர், விவேக் நகர், ஸ்ரீராமபுரம், ராமமூர்த்தி நகர் எனத் தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளில் இருபது முப்பது பேரைச் சேர்த்து அந்தமானுக்குக் கூட்டிப் போகிறீர்கள். பணி ஓய்வு பெற்ற தம்பதிகளும், பேரப்பிள்ளைகளோடு கிளம்பும் பாட்டிமாரும், முதன்முதலாக விமானம் ஏறுகிறவர்களும் உங்களை நம்பிப் பணம் கட்டுகிறார்கள். நம் மொழி பேசும் ஆள் கூடவே வருகிறார், மாத்திரை தீர்ந்தால் வாங்கித் தருவார் என்ற தெம்பு அவர்களுக்கு. நீங்கள் பாடுபடுவது எங்களுக்குத் தெரியும். குறை உங்கள் உழைப்பில் இல்லை, நீங்கள் அச்சிடும் அட்டவணையில் இருக்கிறது.

"4 இரவு, 5 பகல்: போர்ட் பிளேர், ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல், பாராடாங்." துண்டறிக்கையிலும் வாட்ஸ்அப்பிலும் வருவது பெரும்பாலும் இந்த ஒரே வரிதான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வேன் எடுக்கிறவர் போடும் கணக்கு இது. அங்கே சாலை எந்நேரமும் சாலையாகவே இருக்கும். தீவுகளில் சாலை என்பது கடல். அது ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும், காற்று எழுந்தால் மூடிக்கொள்ளும், இருட்டிய பின் யாரையும் விடாது. அதனால் நாள் குறிக்கும் முன் கடலையும் நிலவையும் சூரியனையும் பாருங்கள், ஓட்டல் அறை காலியா என்பதை அதற்குப் பிறகு பாருங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல்.

முதலில் நேரக் கணக்கு. போர்ட் பிளேரில் இருந்து ஹேவ்லாக், அங்கிருந்து நீல், நீலில் இருந்து மீண்டும் போர்ட் பிளேர் என்று மூன்று கடல் பயணங்கள். தனியார் விரைவுப் படகு ஹேவ்லாக் போக ஒன்றரை மணி நேரம், அரசுக் கப்பல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். அதோடு அறையைக் காலி செய்து பெட்டி கட்டுவது, ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டிக்குப் போவது, அடையாள அட்டை சரிபார்ப்பு, அக்கரையில் பெட்டி இறக்கி வண்டி பிடித்து அடுத்த அறைக்குள் நுழைவது எல்லாம் சேர்ந்தால் ஒவ்வொரு பயணமும் நான்கு மணி நேரத்தை விழுங்கும். மூன்று பயணத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சமே ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். ஐந்து பகலில் ஒரு முழுப் பகல் ஜெட்டி வரிசையிலும் படகு இருக்கையிலும் போகிறது. பாராடாங் இன்னொரு முழுப் பகலைத் தின்கிறது. வரும் நாளும் கிளம்பும் நாளும் பாதிப் பாதி. மீதம் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது சூரியன். பெங்களூர் கிழக்குத் தீர்க்கரேகை 77½ பாகையில் இருக்கிறது, அந்தமான் 92½ பாகையை ஒட்டி. இடைவெளி 15 பாகை, அதாவது சரியாக ஒரு மணி நேரம். இரண்டு ஊருக்கும் கடிகாரம் மட்டும் ஒன்று. டிசம்பரில் நம் ஊரில் ஆறு மணிக்கு மறையும் சூரியன் அங்கே ஐந்து மணிக்கே மறைந்துவிடும். "மாலை 5.30: ராதாநகர் கடற்கரையில் சூரிய அஸ்தமனம்" என்று டிசம்பர் அட்டவணையில் போட்டால், குழு போய் நிற்பது இருட்டில். ஹேவ்லாக் ஜெட்டியில் இருந்து ராதாநகர் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மூன்றரை மணிக்காவது மணலில் கால் வைத்திருக்க வேண்டும். விடியலும் முன்னதாகவே வரும். அதே தீவில் கிழக்கு பார்த்த காலாபத்தர் கரையில் ஐந்தரை மணிக்குக் கடல் வெளுத்துவிடும். நம் பெரியவர்கள் எப்படியும் ஐந்து மணிக்கு எழுந்து காப்பி தேடுகிறவர்கள். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். காலை ஆறு முதல் பத்து வரை வெளியே சுற்றுவது, நண்பகலில் அறையில் ஓய்வு, இரண்டரைக்கு மீண்டும் கிளம்புவது என்பதே அந்த ஊரின் நாள். ஒன்பது மணிக்குச் சிற்றுண்டி முடித்து, பத்து மணிக்கு வண்டி ஏற்றி, உச்சி வெயிலில் கடற்கரையில் இறக்கிவிடும் பெங்களூர் நாள் அங்கே செல்லாது. 900 மீட்டர் உயரத்தில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு அந்தக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை உலராது. அறுபது வயதைக் கடந்தவர்கள் பதினொரு மணிக்கே துவண்டுவிடுவார்கள்.

எந்த மாதம் என்பதில் நம் ஊர்ப் பள்ளிக்கூட நாள்காட்டிக்கும் அந்தக் கடலுக்கும் பொருத்தம் குறைவு. கர்நாடகத்தில் நீண்ட விடுமுறை இரண்டு: அக்டோபரை ஒட்டிய தசரா, ஏப்ரல்–மே கோடை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் முற்பாதி வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் அந்தமானை ஒட்டி எழுந்த காற்றழுத்தத் தாழ்வு ஹேவ்லாக், நீல் தீவுகளின் படகுப் போக்குவரத்தை நிறுத்திவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் அங்கேயே சிக்கினார்கள், கடற்படைக் கப்பல்கள் போய் மீட்டு வந்தன. அதே தாழ்வுதான் வர்தா புயலாகி டிசம்பர் 12 அன்று சென்னையைச் சாய்த்தது. மே மூன்றாம் வார வாக்கில் தென்மேற்குப் பருவமழை நாட்டிலேயே முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான். ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர், பெங்களூரைப் போல மூன்று மடங்கு.

அப்படியானால் எப்போது போவது? வேலைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளும் இல்லாத ஓய்வு பெற்றோர் குழு என்றால் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. பிள்ளைகளோடு என்றால் ஏப்ரல் பள்ளி மூடியதும், மே முதல் வாரம் முடிவதற்குள். ஏப்ரலில் வெயில் கடுமை என்று பலர் தவிர்க்கிறார்கள். கடல் ஆண்டிலேயே மிக அமைதியாகவும் நீர் மிகத் தெளிவாகவும் இருப்பதும் அப்போதுதான். வாந்தி குறைவு, பவளம் துலக்கம், கூட்டமும் டிசம்பர் அளவுக்கு இராது. ஒரு சங்கடம் குடிநீர். கோடை முற்றினால் தீவுகளில் நன்னீர் இறுகும். தங்கும் இடத்தில் தண்ணீர் வசதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் குளிக்கச் சொல்லிக் குழுவையும் பழக்குங்கள்.

தசராவுக்கே போக வேண்டும் என்றால், புறப்படும் முன் ஐந்து நாள்களும் வானிலை மையத்தின் புயல் அறிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பையும் பாருங்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் ஹேவ்லாக்கை விட்டுவிட்டு போர்ட் பிளேரிலேயே நாள்களைக் கழிக்க ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும். அந்த மாற்றுத் திட்டத்தைக் கிளம்பும் முன்பே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். ஜெட்டியில் நின்றுகொண்டு சொன்னால் ஏமாற்றிவிட்டதாகவே நினைப்பார்கள்.

இனி ஓதம், அதாவது கடல் ஏறுவதும் வற்றுவதும். அட்டவணை போடுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமலே விடுவது இதைத்தான். கடல் ஏறி வற்றி மீண்டும் ஏற ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆகும். அதனால் வற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். இன்று காலை எட்டு மணிக்கு வற்றினால் நாளை எட்டு ஐம்பதுக்கு வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய இரண்டு மூன்று நாள்களில் ஏற்றமும் வற்றமும் பெரிது, நீர்மட்டம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் அளவுக்கு மாறும். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் அதில் பாதிகூட இராது. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது, போர்ட் பிளேருக்கான நேரங்கள் அதில் உண்டு. அது கைக்கு எட்டாவிட்டாலும் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டியில் திதி இருக்கிறதே, முதல் கணக்குக்கு அது போதும்.

நீல் தீவுக்கு இது உயிர்நாடி. லட்சுமண்பூர் இரண்டாம் கரையில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்கு, செத்த பவளப் பாறைத் தரை வழியாக நடந்துதான் போக வேண்டும். வற்றத்தில் மட்டுமே அந்தத் தரை வெளியே வரும். வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கினால் குழிகளில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, சின்ன நண்டுகள் எல்லாம் பார்த்துக்கொண்டு போய், நீர் ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிடலாம். ஏற்றத்தில் போனால் கரையில் நின்று தூரத்துப் பாறையைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். பரத்பூர் கரைக்கு நேர்மாறு. அங்கே வற்றத்தில் பவளத் திட்டு தலை காட்டும், கண்ணாடி அடித்தளப் படகு ஓடாது, நீந்தவும் முடியாது. வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே ஆறு மணி நேரம். காலையில் பாலம், மாலையில் பரத்பூர், அல்லது காலையில் பரத்பூர், மாலையில் பாலம். அன்றைய வற்றம் எப்போது என்று பார்த்து வரிசையை மாற்றினால் ஒரே நாளில் இரண்டும் அமையும். துண்டறிக்கையில் அச்சடித்த வரிசையையே பிடித்துக்கொண்டால் இரண்டும் கெடும். பாறைத் தரையில் பாசி வழுக்கும். ரப்பர் அடியுள்ள, பின்வார் கட்டிய செருப்பு வேண்டும், ஓட்டலில் தரும் வெறும் செருப்பு ஆகாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த நடை வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குச் சீதாபூர் கரை நிழலே போதும், குறைந்த அழகும் இல்லை.

அமாவாசையை ஒட்டிப் போவதில் இன்னொரு பேறும் உண்டு. நிலவில்லாத இரவில் ஹேவ்லாக் கரையோர நீரில் கையை அளைந்தால் நீலப் பொறி தெறிக்கும். நுண்ணுயிர்கள் உமிழும் ஒளி அது. நிலா இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அமாவாசையில் பயணம் தொடங்க நம் வீடுகளில் தடை சொல்ல மாட்டார்கள், அஷ்டமி நவமிக்குத்தான் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்தில் பஞ்சாங்கமும் கடலும் ஒரே பக்கம் நிற்கின்றன.

அடுத்தது படகு. இதில் தயவு செய்து ஒரு சொல்லைக்கூடத் தாண்டிப் படிக்காதீர்கள். 2014 ஜனவரி 26 அன்று ராஸ் தீவில் இருந்து நார்த் பே போகும் வழியில் ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றியிருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் காஞ்சிபுரத்தில் இருந்து குழுவாக வந்த தமிழர்கள். உங்கள் குழுக்களைப் போலவே ஒரு குழு.

எனவே ஏறும் முன் படகின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கையைப் படியுங்கள். 25 என்று இருந்து நீங்கள் 28 பேர் என்றால் இரண்டு படகு. "பிள்ளைகள்தானே, மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்பதற்கு இடமே கொடுக்காதீர்கள். உயிர்காப்புச் சட்டையைப் போட்டு, எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் தளர்வு, தண்ணீரில் கழன்றுவிடும். குழந்தைகளுக்கு அவர்கள் எடைக்குரிய சிறிய சட்டை இருக்கிறதா என்று முந்தைய நாளே கேளுங்கள். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பு ஆகாது. கடைசியாக, பக்கம் மாறுவது. பழைய சிவப்பு இருபது ரூபாய்த் தாளின் பின்புறப் படம் இந்த நார்த் பே காட்சிதான் என்று வழிகாட்டி சொன்னதும் எல்லோரும் கைபேசியோடு ஒரே பக்கம் சாய்வார்கள். சிறிய படகில் பதினைந்து பேர் ஒரு பக்கம் எழுந்து நின்றால் பாரம் மேலேறி ஓரத்துக்குப் போகிறது, அலை பக்கவாட்டில் தட்டினால் படகு நிமிர முடியாது. உட்கார்ந்தபடியே படம் எடுக்க வேண்டும் என்று கரையிலேயே சொல்லிவிடுங்கள். படகுக்காரர் அவசரப்படுத்தினால் இறங்கிவிடும் உரிமை உங்களுக்கு உண்டு, அதைப் பயன்படுத்துங்கள்.

பெரிய விரைவுப் படகுகளில் வாந்திதான் தொல்லை. அவை மூடிய குளிர்சாதனப் படகுகள், வெளிக்காற்று கிடைக்காது. பின்பாதியில், நடுவில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. முதியவர்களை அங்கே உட்கார வையுங்கள். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பின் போட்டுப் பயனில்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீர்த் தொல்லைக்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பெங்களூரிலேயே கேட்டுக்கொள்ளட்டும். வெறும் வயிறும் வேண்டாம், பூரிக்கிழங்கும் வேண்டாம். இரண்டு இட்லியே சரியான அளவு.

தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றி. அடுக்குமாடிக் குளத்தில் நீச்சல் கற்ற பிள்ளைகள் கடலும் அப்படித்தான் என்று எண்ணுகிறார்கள். குளத்தில் நீர் நம்மை எங்கும் இழுத்துப் போகாது. ஹேவ்லாக்கின் எலிபன்ட் பீச்சில் முகக்கண்ணாடி மாட்டிப் பவளம் பார்க்கும்போது, கண்ணாடி பொருந்துகிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சிழுத்தால் அது ஒட்டி நிற்க வேண்டும். விழுந்தால் ஓரம் கசியும், வேறு கண்ணாடி கேளுங்கள். மீசையும் உள்ளே மாட்டிய முடியும் கசிவுக்குக் காரணம். பெண்கள் சேலையோ துப்பட்டாவோ அணிந்து இறங்கக் கூடாது. நனைந்த துணி காலைச் சுற்றும், படகு விசிறியில் மாட்டும். முழுக்கைப் பனியனும் இறுக்கமான கால்சட்டையும் மானத்தையும் காக்கும், வெயிலையும் தடுக்கும். அதைத் துண்டறிக்கையிலேயே எழுதிவிட்டால் யாரும் கடைசி நேரத்தில் தவிக்க மாட்டார்கள். பவளத்தின் மேல் நிற்கவே கூடாது. அது பாறை மாதிரித் தெரியும் உயிர். 2004 சுனாமியின்போது நிலநடுக்கத்தில் வட அந்தமான் கரை உயர்ந்து, திட்டுத் திட்டாகப் பவளம் வெளியே வந்து காய்ந்து செத்தது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி வெளுத்துப் போனது. மிச்சமிருப்பதைக் காலால் உடைக்கும் ஆள் நம் குழுவில் இருக்க வேண்டாம்.

ஆழ்கடல் முக்குளிப்பு வேண்டுகிறவர்கள் இருந்தால் அதை ஹேவ்லாக் போன மறுநாளே வையுங்கள். முக்குளித்த பின் குறைந்தது 18 மணி நேரம், நிம்மதிக்கு 24 மணி நேரம், விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாக வெளியேறி மூட்டையும் நரம்பையும் தாக்கும். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை செய்தவர்கள் உடல்நலப் படிவத்தில் "இல்லை" என்று மறைத்து எழுத உதவாதீர்கள். வெறும் முகக்கண்ணாடி நீச்சலுக்கு இந்த விமானத் தடை இல்லை.

முதலை உண்மை. வதந்தி என்று சிரிக்க வேண்டாம். 2010-ல் ராதாநகர் ஓரத்தில் நீந்திய வெளிநாட்டுப் பெண் ஒருவர் உவர்நீர் முதலையிடம் சிக்கி இறந்தார். ஓடை கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், அந்தி நேரம் ஆகியவற்றில் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில், வலை கட்டிய இடத்தில் மட்டும் குளிக்க விடுங்கள். மணல் ஈ இதைவிடச் சிறியது, ஆனால் குழுவில் பாதிப் பேரை ஒரு வாரம் சொறிய வைக்கும். விடியலிலும் அந்தியிலும் மணலில் நேரே உட்காராமல், காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் கடி குறையும்.

பாராடாங் பற்றி எங்கள் கருத்தை மறைக்காமல் சொல்கிறோம்: அதை எடுத்துவிடுங்கள். சுண்ணாம்புக் குகைக்காக இரவு மூன்று மணிக்கு ஆட்களை எழுப்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசை கட்டி, காவலோடு செல்லும் வண்டித் தொடரில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காட்டை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடக்கிறீர்கள். அந்தப் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவிட்டது. ஜாரவாக்கள் சில நூறு பேர் மட்டுமே. நமக்கு இரண்டு நாள் காய்ச்சலாக வந்து போகும் நோய்க்கு அவர்கள் உடம்பில் எதிர்ப்பு இல்லை. 1999-லும் 2006-லும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. வண்டியை நிறுத்துவதும், படம் எடுப்பதும், தின்பண்டம் எறிவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். குழுவில் எல்லோரும் கட்டுப்பாடாக இருந்தாலும், சன்னலில் முகம் ஒட்டி "அதோ, அதோ" என்று காட்டிக்கொண்டு போவது மனிதரைப் பார்க்கும் விதமா? அந்த ஒரு நாளை வண்டூருக்குக் கொடுங்கள். அங்கே 1983-ல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவில் ஜாலி பாய் தீவு கோடை முடியும் வரை திறந்திருக்கும், மழைக்காலத்தில் ரெட் ஸ்கின் தீவு திறக்கும். அனுமதிச் சீட்டு முன்னரே எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பையோ புட்டியோ அனுமதி இல்லை. புளியோதரையை வாழை இலையிலும் எவர்சில்வர் டப்பாவிலும் கட்டிப் பழகிய நமக்கு இது ஒரு சுமையே இல்லை.

செல்லுலார் சிறையை முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறீர்கள், அதற்கு அரை நாள் வேண்டும். 1896-ல் தொடங்கி 1906-ல் முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் இப்போது மூன்றுதான் மீதம். ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியதால் ஒரு கைதி மற்றவர் முகத்தைப் பார்க்க முடியாது. வழிகாட்டி இதைச் சொல்லாமல் போனால் நீங்கள் நிறுத்திச் சொல்லுங்கள். அங்கே வைத்திருக்கும் செக்கின் முன் நின்றால், கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கு நம் பெரியவர்களுக்குத் தானாக நினைவுக்கு வரும்.

சின்னச் செய்திகள் சில. பயணச் சீட்டுகளில் ஊர்ப் பெயர் மாறியிருக்கும்: போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் ஷஹீத் த்வீப், ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். துண்டறிக்கையில் இரண்டு பெயரும் போடுங்கள், தவறான வரிசையில் நிற்க நேராது. ராஸ், வண்டூர், அருங்காட்சியகங்கள் ஒவ்வொன்றுக்கும் வார விடுமுறை வெவ்வேறு நாள், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நீலில் கைபேசிப் பணம் எப்போதும் நடக்காது, ஆளுக்குச் சில ஆயிரம் ரூபாய் சில்லறையாக இருக்கட்டும். கரையில் பொறுக்கிய பவளமும் சங்கும் விமான நிலையப் பெட்டிச் சோதனையில் பிடிபடும். செத்த பவளத் துண்டும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் குற்றம்தான். பேரன் பாக்கெட்டில் போட்டதற்குத் தாத்தா பதில் சொல்ல நேரும். சங்கு வேண்டுமென்றால் உரிமம் உள்ள கடையில் ரசீதோடு வாங்கட்டும்.

மொழிக்குப் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் அந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். பர்மாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களும் அவர்களில் உண்டு. ஜெட்டியிலும் காய்கறிச் சந்தையிலும் தமிழில் கேட்டாலே பதில் வரும். உங்கள் குழுவைக் கடை கடையாக ஓட்டாமல், அந்த மக்களோடு அரை மணி நேரம் பேச விடுங்கள். கடல் எப்போது ஏறும், எந்தக் கரையில் இன்று அலை என்று அவர்களுக்குத் தெரியும். அதைவிட நல்ல முன்னறிவிப்பு கிடைக்காது.

நாங்கள் கேட்கும் அட்டவணை ஏழு இரவு. முதல் இரவு போர்ட் பிளேர், சிறையும் மாலை ஒலி ஒளிக் காட்சியும். அடுத்த இரண்டு இரவு ஹேவ்லாக், ஒரு காலை எலிபன்ட் பீச், ஒரு மாலை ராதாநகர், மற்ற நேரம் சும்மா. அடுத்த இரண்டு இரவு நீல், வற்றத்துக்கு ஏற்ப. கடைசி இரண்டு இரவு கட்டாயம் போர்ட் பிளேரில், ஒரு பகல் ராஸுக்கு அல்லது வண்டூருக்கு. அந்தக் கடைசிப் பகல்தான் உங்கள் கைச்சேமிப்பு. காற்று எழுந்து நீலில் ஒரு நாள் சிக்கினாலும் விமானம் தவறாது. காலைப் படகில் நீலில் இருந்து வந்து அன்றே பெங்களூர் விமானம் பிடிக்கும் திட்டத்தை மட்டும் எவ்வளவு மலிவானாலும் போடாதீர்கள். படகு நின்றால் முப்பது பேருக்கும் புதிய சீட்டு வாங்க வேண்டும், அந்தச் செலவு இரண்டு இரவு அறை வாடகையைவிடப் பல மடங்கு. ஏழு இரவுக்குக் கட்டணம் ஏறும், ஆள் சேராது என்று தயங்கினால், ஐந்து இரவில் நீலையும் பாராடாங்கையும் விட்டுவிட்டு ஹேவ்லாக்கில் மூன்று இரவு தங்குங்கள். ஆறு இடத்தை அரைகுறையாகப் பார்ப்பதைவிட ஒரு தீவில் மூன்று விடியல் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டும் உங்களிடமே வருவார்கள்.

அடுத்த துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அதில் நான்கு விவரங்களைச் சேர்க்க வேண்டுகிறோம்: ஒவ்வொரு நாளின் சூரிய மறைவு நேரம், நீல் நாள்களின் வற்ற நேரம், படகு நின்றால் என்ன செய்வீர்கள் என்ற மாற்றுத் திட்டம், படகில் எத்தனை பேருக்கு மேல் ஏற்ற மாட்டீர்கள் என்ற உறுதிமொழி. ஓத நேரம் பார்ப்பதில் ஐயம் இருந்தால், உங்கள் பயணத் தேதிகளைச் சொல்லுங்கள். உட்கார்ந்து சேர்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம், அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
அந்தமான் கடலோடு நெடுநாள் பழகிய பெங்களூர்த் தமிழர்கள் சிலர்